தாத்தாவின் எனிகார் ஷெர்ப்பா: டயல் ஒரிஜினலா, பெயிண்ட் அடிச்சதா?

#1 லிந்தாங் பையன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் செஞ்சேன், இப்பதான் முதல் தடவையா ஒண்ணு கேக்கறேன்.

என் தாத்தா ஹேவூட் ரப்பர் தோட்டத்துல தண்டலா (வேலையாட்களை மேற்பார்க்கற மேஸ்திரியா) இருந்தவர். அவர் கட்டியிருந்த எனிகார் வாட்ச் அப்பாகிட்ட வந்து, இப்போ என்கிட்ட இருக்கு. டயல்ல மேல சனிக் கிரகத்துக்கு வளையம் போட்ட முத்திரை, கீழ எனிகார், ஆட்டோமேட்டிக்னு ரெண்டு வரி. 6-க்கு மேல ஷெர்ப்பா, அல்ட்ராசோனிக். ஆக அடியில, டயல் ஓரத்துல, பொடி எழுத்துல டி ஸ்விஸ் டி. எவர்சில்வர் கூடு. பின்மூடியில சிப்பிக்குள்ள முத்து இருக்கற படம், பாதி தேஞ்சு போச்சு. டயல் ஒரு காலத்துல வெள்ளி நிறமா இருந்திருக்கணும், இப்போ ஓரமெல்லாம் பழுப்பு.

வீட்டுல சொல்ற கதை இது: 1957-ல, மெர்டேக்கா (மலாயா சுதந்திர) வருஷத்துல, தோட்டத்துத் துரை தாத்தாவுக்குக் கொடுத்தாராம்.

போன வாரம் டவுன்ல ஒரு கடையில காட்டினேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கல. "டயல் பெயிண்ட் அடிச்சது, முள்ளு வேற வாட்ச்சோடது, 150 வெள்ளி (ரிங்கிட்) தர்றேன்"னு சொல்லிட்டார். விக்கற எண்ணம் எனக்கு இல்ல. அப்பா உயிரா வெச்சிருந்த பொருள். அது உண்மையானதுதானான்னு தெரிஞ்சா போதும். இந்தப் பிராண்டு பேரையே என் நண்பர்கள் யாரும் கேள்விப்பட்டதில்ல. படம் மூணு போட்டிருக்கேன். எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்?

#2 செல்வம் நீலாய்

கடைக்காரர் சொன்னது சரியாத்தான் இருக்கும் தம்பி. முள்ளுல இருக்கற பச்சையும் டயல் புள்ளில இருக்கற பழுப்பும் ஒத்து வரல. 200 தர்றேன், எனக்கு ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆகும்.

#3 கவிதா ஈப்போ

தம்பி, யாருக்கும் இப்போதைக்கு விலை சொல்லாதீங்க. மூடி திறக்காம யாராலயும் பழைய வாட்ச்சுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. டயல் ஒரு பொருள், கூடு ஒரு பொருள், மிஷின் ஒரு பொருள். மூணும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்ததா என்பதுதான் நம்ம கேள்வி. "உண்மையா பொய்யா"ன்னு ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் தப்பாத்தான் வரும்.

முதலில் எனிகார் பற்றி. சுவிட்சர்லாந்தில் லெங்னாவ் என்ற ஊர்க் கம்பெனி. தொடங்கியவர் அரிஸ்ட் ரசீன். இங்கே நம்ம பக்கமும் ஹாங்காங்கிலும் ஒரு காலத்தில் நன்றாக விற்ற வாட்ச். 1980-களின் கடைசியில் கம்பெனி நொடித்து, பெயர் ஹாங்காங்காரர் கைக்குப் போனது. அதனால்தான் உங்க வயசுக்காரர்களுக்குப் பெயர் தெரியவில்லை.

ஷெர்ப்பா என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. 1956-ல் ஒரு சுவிஸ் குழு எவரெஸ்டுக்கும் பக்கத்துச் சிகரமான லோட்சேவுக்கும் போனது. லோட்சே உச்சியில் மனுஷன் முதன்முதலாகக் கால் வைத்தது அந்தப் பயணத்தில்தான். குழுவினர் கையில் எனிகார் இருந்தது. அதற்குப் பிறகுதான் டயலில் ஷெர்ப்பா வருகிறது. ஆக 1957 என்ற உங்க குடும்பக் கதை இந்தப் பெயரோடு மட்டும் பார்த்தால் முடியாதது அல்ல.

ஆனால் அடியில் இருக்கும் டி ஸ்விஸ் டி அதற்கு இடம் கொடுக்காது. அந்த இரண்டு டி-யும் இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியம் பூசிய டயல் என்பதற்கான அடையாளம். 1950-களில் இருட்டில் ஒளிர ரேடியம்தான் பூசினார்கள். ட்ரிட்டியம் வாட்ச்சுக்கு வந்தது 1960-களில். இப்போது இரண்டே வழி: வாட்ச் 57-க்குப் பிந்தியது, அல்லது 57 வாட்ச்சுக்கு யாரோ பிற்பாடு வேறு டயல் மாற்றினார்கள்.

உங்க மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு அது பெயிண்ட் அடித்த டயலாகத் தெரியவில்லை. ஆனால் கண்ணாடி மேல் இவ்வளவு கீறல் இருக்கும்போது உறுதியாகச் சொல்ல மாட்டேன். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்க, 20 வெள்ளிக்குள் கிடைக்கும். காலை வெயிலில் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து மறுபடி படம் எடுங்க.

#4 லிந்தாங் பையன்

நன்றி அக்கா. லென்ஸ் வாங்கறேன். 57 இல்லைன்னு அப்பாகிட்ட சொன்னா அவருக்குக் கஷ்டமா இருக்கும். அவர் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கார். பின்மூடியை நானே திறக்கலாமா? சுத்தி வரைக்கும் பல் பல்லா வெட்டு இருக்கு.

#5 பழைய மெயின்ஸ்பிரிங் (தாப்பா)

தம்பி, தயவு செய்து திறக்காதீர்கள். பிறகு சொல்கிறேன் ஏன் என்று.

நான் தாப்பாவில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். தோட்டத்து ஆட்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்), தண்டல்கள், லோரி ஓட்டுநர்கள், பள்ளி வாத்தியார்கள். எனிகார், டைட்டஸ், டைட்டோனி, ரோமர், ராடோ எல்லாம் மேசைக்கு வந்திருக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய வாட்ச்சை உள்ளேயிருந்து வெளியே பார்க்க வேண்டும். எல்லாரும் டயலைப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். டயல் எளிதில் மாறுவது, மறுபடி அடிக்கக்கூடியது. கீ குமிழ் அதைவிடச் சீக்கிரம் மாறும். கண்ணாடி, பட்டை எல்லாம் கணக்கிலேயே வராது. உங்கள் படத்தில் குமிழில் எனிகார் முத்திரை இல்லை. அதை வைத்து யாராவது போலி என்றால் நம்ப வேண்டாம். வியர்வையில் குமிழ் தேய்ந்து கழன்று போவது நம் ஊரில் சாதாரணம்.

மிஷினில் முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் பொடியாக ஓர் எண் குத்தியிருக்கும். எனிகார் சொந்தமாகச் செய்த மிஷின் என்றால் ஏஆர் என்று தொடங்கும். அரிஸ்ட் ரசீன் பெயரின் முதல் எழுத்துகள் அவை. மேல் தட்டில் எனிகார் பெயரும் கல் எண்ணிக்கையும் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: ஆரம்ப காலத்து எனிகாருக்குள் வெளியே வாங்கிய மிஷின்கள் உண்டு. ஷெர்ப்பா கிராஃப் என்ற ஸ்டாப் வாட்ச் மாடலில் வால்ஜூ 72 என்ற வெளிக் கம்பெனி மிஷின் இருக்கும், அதுவும் சரியானதே. ஆகவே "ஏஆர் இல்லை, உடனே போலி" என்று எழுதிவிடக் கூடாது. எந்த மாடல், எந்தக் காலம் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுடையது 60-களின் சாதாரண ஆட்டோமேட்டிக் ஷெர்ப்பா. அதில் ஏஆர் இருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது கூடு. பல் வெட்டிய, சிப்பி முத்திரை உள்ள அந்த மூடி திருகு மூடி இல்லை. கொஞ்ச தூரம் திருப்பினால் கொக்கி விடுபட்டு வெளியே வரும் வகை. ஈபிஎஸ்ஏ என்ற கூடு செய்யும் கம்பெனியின் வேலை. தண்ணீர் அழுத்தம் கூடக்கூட மூடி ரப்பர் வளையத்தின் மேல் இன்னும் இறுக்கமாக அமரும்படி செய்திருப்பார்கள். அந்தக் கம்பெனிக் கூடுகள் பலவற்றில் மூடியின் உட்பக்கம் முக்குளிப்பவர் போடும் தலைக்கவசம் சின்னதாகக் குத்தியிருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பல் உடையும், கூடு கெடும். திருகுவதற்கு ஏற்ற சாவி வைத்திருப்பவரிடம் போங்கள்.

பிறகுதான் டயல். பெயிண்ட் அடித்த டயலை நான் எப்படிப் பார்ப்பேன் என்றால், முதலில் அடியில் இருக்கும் ஸ்விஸ் எழுத்து. அடித்தவர்கள் அதை மறந்துவிடுவார்கள், அல்லது மேலே தள்ளிப் போடுவார்கள். நிமிஷக் கோடுகள் ஒரே நீளத்தில் இருக்காது, மணிப் பட்டைக்கு நேராக வராது. தேதி ஜன்னல் இருந்தால் அதன் சாய்ந்த விளிம்பில் பெயிண்ட் தேங்கியிருக்கும். எழுத்து கொழுத்துப் போயிருக்கும். டயல் ஓரத்தில் அரத்தால் ராவிய ஒரு சின்ன வெட்டு இருந்தால் பெரும்பாலும் அடித்த டயல்தான். அச்சு நேராக வரவேண்டும் என்று அடையாளத்துக்காக அந்த வெட்டைப் போடுவார்கள்.

இன்னொன்றைப் புத்தகத்தில் எழுத மாட்டார்கள், நம் சீதோஷ்ணம் சொல்லிக் கொடுத்தது. விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பனியில் நனைந்து, வெயிலில் வியர்த்து, பால் ஸ்டோரில் அமோனியா வாடையிலும் ஃபார்மிக் ஆசிட் வாடையிலும் நின்று திரும்பிய கை அது. மூடி முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படிப்பட்ட கூட்டுக்குள் டயல் பளபளவென்று இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். ஓரம் பழுத்த டயல் அந்தக் கூட்டோடு சேர்ந்து வயசானது.

#6 கூலிம் ராஜா

ஐயா எழுதினதைப் படிச்சதும் வயித்துல புளி கரைக்குது. நானும் ஒரு எனிகார் ஷெர்ப்பா இணையத்துல வாங்கினேன், மும்பையிலேர்ந்து வந்துச்சு, 480 வெள்ளி. நல்ல நீல டயல், நடுவுல ஆரஞ்சு வட்டம், எழுத்தெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு கறைகூட இல்ல. கூடு மட்டும் கொஞ்சம் குழிகுழியா அரிச்ச மாதிரி. படம் போட்டிருக்கேன். சும்மா அழுத்தி மூடற பின்மூடிதான், நகத்தாலயே திறந்துட்டேன். மிஷின்ல கேடயத்துக்குள்ள ஏதோ குறி, பக்கத்துல எஃப்எச்எஃப், 96னு தெரியுது.

#7 மதுரைக் கண்ணன்

ராஜா, மனசைத் தேத்திக்கோங்க. எஃப்எச்எஃப் 96 சாதாரணமான, உழைக்கிற மிஷின். இங்கே இந்தியாவில் எக்கச்சக்கமா கிடைக்கும். ஆனா கீ கொடுக்கிற மிஷின் அது. உங்க டயலைப் பாருங்க, ஆட்டோமேட்டிக்னு அச்சடிச்சிருக்கு. எனிகார் கம்பெனி அதை அனுப்பியிருக்க வாய்ப்பே இல்லை.

மும்பையில் இது ஒரு தொழிலாவே நடக்குது. உடைஞ்ச வாட்ச்களிலிருந்து ஓடுற மிஷினை எடுத்து, கிடைச்ச கூட்டில் போட்டு, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் டயல் அச்சடிச்சு, பேர் தெரிஞ்ச கம்பெனி முத்திரை போட்டு விடுவாங்க. உலகம் முழுக்க வாட்ச் சேகரிக்கிறவங்க இதை மும்பை ஸ்பெஷல்னே சொல்றாங்க. எங்க எச்எம்டி-க்கும் இதே கதிதான். 1961-ல் ஜப்பான் சிட்டிசனோட சேர்ந்து பெங்களூரில் தொடங்கின கம்பெனி. 2014-ல் வாட்ச் பிரிவை மூடறதா அறிவிச்சதும் ஆளாளுக்கு எச்எம்டி தேட ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் கம்பெனி கனவிலும் போடாத நிறத்திலெல்லாம் எச்எம்டி வந்திடுச்சு. ஊரார் ஆசைப்படுற இடத்தில்தான் இந்த வேலை நடக்கும்.

விற்பனைப் பக்கத்தில் "ஒரிஜினல்"னு எழுதியிருந்தா அதைப் படம் பிடிச்சு வெச்சுக்கிட்டு, பணம் கட்டின தளத்தில் புகார் கொடுங்க. கெடு முடியறதுக்குள்ள செய்யணும்.

#8 செல்வம் நீலாய்

ஆனா ஓடுதுல்ல? பார்க்க அழகா இருக்கு, கட்டிக்கிட்டுப் போகட்டுமே. எல்லாரும் மியூசியத்துக்கா வாங்கறாங்க?

#9 கவிதா ஈப்போ

கட்டிக்கலாம் செல்வம், யாரும் தடுக்கவில்லை. 480 வெள்ளி கொடுத்தது எனிகார் என்ற பெயருக்கு. கையில் இருப்பது எனிகார் இல்லை. 80 வெள்ளிக்கு, "ஒட்டுப் போட்டது, டயல் புதிது" என்று சொல்லி விற்றிருந்தால் நானே நல்ல வாட்ச் என்று எழுதியிருப்பேன். மறைத்து விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும் முதல் வாட்ச் வாங்கும் சின்னப் பையன்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஒரு தடவை ஏமாந்தவன் பழைய வாட்ச் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஷெர்ப்பா கிராஃப், ஜெட், கைடு மாடல்கள் எல்லாம் இப்போது ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. கிராஃப் மாடலை ஜிம் கிளார்க் என்ற கார் பந்தய வீரர் கட்டியிருந்தார். அந்தக் காற்று சாதாரண ஷெர்ப்பா பக்கமும் அடிக்கிறது. இனி இந்தப் பெயரில் நிறைய வரும், எல்லாரும் கவனமாக இருங்க.

#10 லிந்தாங் பையன்

திறந்தாச்சு! ஐயா சொன்ன மாதிரி சரியான சாவி வெச்சிருக்கற ஒரு சீனப் பெரியவர் ஈப்போவுல இருக்கார்னு கவிதா அக்கா தனிச் செய்தியில சொன்னாங்க. நேத்து போனேன். பக்கத்துல நின்னு பார்க்க விட்டார்.

மூடி உள்பக்கம் ஐயா சொன்ன தலைக்கவச முத்திரை இருக்கு, ஒரு நகக்கண் அளவுகூட இல்ல, ஆனா ஜன்னல் கம்பி மாதிரி இருக்கற கோடு வரைக்கும் தெளிவா தெரியுது. மிஷின் செம்பு கலந்த தங்க நிறம். எனிகார் பேர் இருக்கு. பாலன்ஸ் சக்கரம் அசையறப்போ அதுக்கு அடியில ஏஆர்னு ஆரம்பிக்கற எண் வந்து வந்து போகுது.

நான் எதிர்பார்க்காத ஒண்ணு. மூடி உள்ள முழுக்க ஊசியால கீறின மாதிரி பொடி எழுத்து. ஒரு இடத்துல 9.66, கொஞ்சம் தள்ளி 7.71, ரெண்டு சீன எழுத்து, அப்புறம் வேற கையெழுத்துல 11.78. ஓரத்துல தனியா 97. பெரியவர் சிரிச்சுக்கிட்டே ஒரு சீன எழுத்தைத் தொட்டுக் காட்டி, அது ஒருத்தரோட குடும்பப் பேர்னு சொன்னார்.

லென்ஸ்ல டயலும் பார்த்தேன். சனிக் கிரகத்தோட வளையம் தலைமுடியை விட மெல்லிசு, எங்கயும் விட்டுப் போகல. ஆனா மேல வார்னிஷ்ல குட்டிக் குட்டி வெடிப்பு இருக்கு, ஷெர்ப்பாங்கற எழுத்து மேலயும் அந்த வெடிப்பு ஓடுது. இது கெட்டதா?

நோட்டு செக் பண்ற ஊதா லைட் கடையில இருந்துச்சு, அதையும் அடிச்சுப் பார்த்தோம். டயல் புள்ளி மங்கலா ஒளிர்ந்து, லைட்டை அணைச்ச உடனே அணைஞ்சு போச்சு. முள்ளு மட்டும் ரொம்ப நேரம் பச்சையா எரிஞ்சுது.

#11 பழைய மெயின்ஸ்பிரிங் (தாப்பா)

தம்பி, இதைவிட நல்ல சாட்சி யாருக்கும் கிடைக்காது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்தக் கீறல்கள் எங்கள் ஆட்கள் போட்டவை. வாட்ச் சர்வீஸ் செய்து மூடும்போது மாதமும் வருஷமும், அல்லது ரசீது எண்ணோ பெயரோ கீறி வைப்போம். மறுபடி அதே வாட்ச் வந்து "நீ போன மாசம்தான் செஞ்சே" என்று வாடிக்கையாளர் சொன்னால் மூடியைத் திறந்து காட்டலாம். ஆக 1966 செப்டம்பரில் இந்த வாட்ச் ஒரு மேசையில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். புது வாட்ச்சுக்கு மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் எண்ணெய் காய்ந்து முதல் சர்வீஸ் வரும். அப்படியானால் 1962, 63, 64 வாக்கில் வாங்கியது. டயலில் உள்ள ட்ரிட்டியம் அடையாளமும் அதே காலத்தைச் சொல்கிறது. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு சாட்சிகள் ஒரே பதில் சொன்னால் நான் நம்புவேன்.

வார்னிஷ் வெடிப்பு எழுத்து மேலும் ஓடுகிறது என்றால் எழுத்தும் வார்னிஷும் ஒரே வயசு. வெடித்த டயல் மேல் பிற்பாடு எழுத்து அடித்திருந்தால் மை வெடிப்புக்குள் இறங்கி ஓரம் கசிந்திருக்கும். டயல் முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடித்திருந்தால் பழுப்பே இருக்காது. டயல் ஒரிஜினல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முள்தான் உங்கள் கடைக்காரரை ஏமாற்றியது. ட்ரிட்டியம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அறுபது வருஷத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிச்சம். அதனால் லைட் அடித்தால் மங்கலாகத் தெரிந்து உடனே அணைகிறது, அதுதான் சரி. நீண்ட நேரம் எரிவது 1993-க்குப் பிறகு ஜப்பானில் வந்த லுமினோவா வகைப் பூச்சு. மூடியில் 97 என்று ஒரு கீறல் இருக்கிறது அல்லவா? அந்த சர்வீஸில் முள்ளின் பழைய பூச்சு உதிர்ந்து, புதிதாகப் பூசிக் கொடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். முள்ளின் நீளத்தைப் பாருங்கள்: நிமிஷ முள் நிமிஷக் கோட்டைச் சரியாகத் தொடுகிறது. வேறு வாட்ச்சின் முள் என்றால் குட்டையாகவோ நீளமாகவோ நிற்கும். முள் இந்த வாட்ச்சுடையதே, பூச்சு மட்டும் புதுசு.

#12 கூலிம் ராஜா

ஐயா, ஊதா லைட்டை என்னோட நீல டயல்ல அடிச்சேன். புள்ளி ஒண்ணுமே ஒளிரல. வெறும் வெள்ளைப் பெயிண்ட். டயல் ஓரத்துல 3-கிட்ட ஒரு அர வெட்டும் இருக்கு. புகார் போட்டுட்டேன்.

#13 பழைய மெயின்ஸ்பிரிங் (தாப்பா)

நல்லது செய்தீர்கள்.

லைட் பற்றி எல்லாருக்கும் ஒரு வார்த்தை. ட்ரிட்டியத்துக்குப் பயப்பட வேண்டாம், அதன் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. ஆனால் 1950-களின் ரேடியம் டயல் வேறு விஷயம். ஒளி போயிருக்கும், ரேடியம் போயிருக்காது. அதன் பாதி ஆயுள் 1600 வருஷம். முள் நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்ற டயலில் அதன் நிழல் பழுப்பாகச் சுட்டது போலப் பதிந்திருக்கும், அதைக் கண்டால் ரேடியம் என்று வையுங்கள். அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டில் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

#14 லிந்தாங் பையன்

அப்பாகிட்ட 9.66 கீறலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அவரே தைப்பிங்ல இருக்கற எங்க பெரிய அத்தைக்குப் போன் போட்டார். அத்தைக்கு 80 வயசு ஆகப்போகுது, நினைவு நல்லா இருக்கு.

அத்தை சொன்னது: 57-ல தாத்தா தண்டல் ஆனார். அதுக்குத் துரை கொடுத்தது அலாரம் வெச்ச மேசைக் கடிகாரம். விடியக்காலை 4 மணிக்கு அது அடிச்சா லயத்து வரிசை வீடு முழுக்க எழுந்திரிக்குமாம். கைக்கடிகாரம் பிற்பாடு வந்தது, துரை சீமைக்குத் திரும்பிப் போறப்போ கழட்டிக் கொடுத்தாராம். அப்போ தோட்டங்களைத் துண்டு போட்டு விக்கறாங்கன்னு ஜனங்க கலங்கிப் போயிருந்த நேரம். அப்படி விக்கற தோட்டங்களைத் தொழிலாளிங்களே சேர்ந்து வாங்கறதுக்காக அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல ஆரம்பிச்ச கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாத்தா மாசா மாசம் 10 வெள்ளி பங்குப் பணம் கட்டிக்கிட்டு இருந்தார், அந்த ரசீது எழுதற மேசையிலதான் இந்த வாட்ச்சை முதல்ல பார்த்தேன்னு சொல்றாங்க. எந்த வருஷம்னு கேட்டா "மலேசியா ஆனதுக்கு மறு வருஷம்"ங்கறாங்க. அப்போ 1964 தானே?

இன்னொண்ணும் சொன்னாங்க. 1982 ஜனவரி 1-ல தீபகற்பம் முழுக்க நேரத்தை அரை மணி முன்னால தள்ளி வெச்சாங்கல்ல, தாத்தா இந்த வாட்ச்சை மட்டும் பழைய நேரத்துலயே விட்டுட்டாராம். மரம் பழைய நேரத்துக்குத்தான் பால் கொடுக்கும்னு சொல்லுவாராம்.

#15 கவிதா ஈப்போ

படிக்கவே மனசு நிறைகிறது தம்பி. அத்தை சொன்னதை அவங்க குரலிலேயே பதிவு செய்து வைங்க, இன்றைக்கே. வாட்ச்சோடு ஒரு காகிதமும் இருக்கட்டும்: யார் கொடுத்தது, யார் கட்டியது, எந்த வருஷம் எந்தக் கீறல், முள் பூச்சு 97-ல் புதுப்பித்தது என்று நினைப்பது ஏன். உங்க பிள்ளை காலத்தில் யாராவது ஒரு கடைக்காரர் மறுபடி "பெயிண்ட் அடிச்சது" என்று சொல்லாமல் இருக்க அது உதவும்.

1964 பொருந்துகிறது. அதை "அத்தையின் நினைவு" என்றும், 1966-ஐ "மூடியில் உள்ள கீறல்" என்றும் தனித்தனியாக எழுதுங்க. இரண்டையும் கலக்க வேண்டாம். துரை கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தார் என்றால் அவர் அதை ஓரிரு வருஷம் முன்பே வாங்கியிருக்கலாம், அதையும் மனசில் வைங்க.

#16 செல்வம் நீலாய்

சரி, ஒரிஜினல்னு ஒத்துக்கறேன். அப்போ டயலைப் புதுசா அடிச்சு, கூட்டைப் பாலிஷ் போட்டா இன்னும் ஜோரா இருக்குமே? கோலாலம்பூர்ல செய்யற ஆள் எனக்குத் தெரியும்.

#17 பழைய மெயின்ஸ்பிரிங் (தாப்பா)

செல்வம், என் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் வாட்ச்சைக் கொடுத்து, புதுசு மாதிரி ஆக்கிக் கொடு என்பார்கள். நானும் டயல்களை அடிக்க அனுப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வாட்ச் என்பது தினமும் கட்டும் சாமான், பார்க்க மரியாதையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படி அடித்த டயலைப் போலி என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் இந்த டயல் அறுபது வருஷம் தப்பி வந்திருக்கிறது. அடித்துவிட்டால் எழுத்து மேல் ஓடும் அந்த வெடிப்பு போய்விடும், ட்ரிட்டியம் புள்ளி போய்விடும், பிறகு யார் கேட்டாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கூட்டைப் பாலிஷ் போட்டால் மிச்சம் இருக்கும் பாதி முத்திரையும் போகும், பல் வெட்டின் விளிம்பு மழுங்கும், அடுத்த தடவை சாவி பிடிக்காது. வேண்டாம்.

தம்பி செய்ய வேண்டியது இவ்வளவே. மிஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். மூடி ரப்பர் வளையம் புதுசு போட வேண்டும். கண்ணாடி பிளாஸ்டிக்தான், பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் போகும், மாற்ற வேண்டியதில்லை. சர்வீஸ் செய்பவரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லுங்கள்: டயலைத் துடைக்கக் கூடாது, ஈரத் துணிகூட அந்த வார்னிஷைப் பெயர்த்துவிடும். கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் ஒரு சின்னப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடியின் மேல் 600 அடி என்று எழுதியிருந்தாலும் ஆற்றில் குளிக்கக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மழையில் நனைந்தாலும் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#18 லிந்தாங் பையன்

அப்படியே செய்யறேன் ஐயா. ஈப்போ பெரியவர்கிட்டயே சர்வீஸுக்குக் கொடுத்திருக்கேன், 180 வெள்ளி சொன்னார். டயலைத் தொட மாட்டேன்னு அவரே முதல்ல சொல்லிட்டார். வேலை முடிஞ்சதும் மூடியில தேதி கீறட்டுமான்னு கேட்டார், கீறச் சொல்லிட்டேன். அத்தை பேசினதையும் பதிவு பண்ணியாச்சு.

ராஜா அண்ணே, உங்க பணம் என்ன ஆச்சு?

#19 கூலிம் ராஜா

திரும்பி வந்துடுச்சு தம்பி. வாட்ச்சைத் திருப்பி அனுப்பற தபால் செலவு மட்டும் என் தலையில. விக்கறவர் கடைசி வரைக்கும் ஒரிஜினல்னுதான் சொன்னார். மிஷின் படத்தையும் டயல்ல ஆட்டோமேட்டிக்னு இருக்கற படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பினேன், அதுக்கப்புறம் பேச்சு இல்ல. அடுத்தது வாங்கறதுக்கு முன்னால மூடி திறந்த படம் கேட்டு இங்க போடறேன். மெயின்ஸ்பிரிங் ஐயா பார்த்துச் சொல்லணும்.

#20 பழைய மெயின்ஸ்பிரிங் (தாப்பா)

போடுங்கள். மூடியின் உட்பக்கமும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.